என்பி கம்ப்ளீட் கேள்விக்கு 13க்கு 3 தான், எங்க தப்பு பண்ணேன்?

தண்டையார்பேட்டை_தம்பி:
அண்ணா அக்கா யாராச்சும் பாத்து சொல்லுங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆனர்ஸ் பண்றேன், ரெகுலர் பேப்பர் போக எக்ஸ்ட்ரா 18 க்ரெடிட், அதுல அல்காரிதம்ஸ் தான் உயிர எடுக்குது. இண்டர்னல்ல இண்டிபெண்டண்ட் செட் (நோடும் நோட இணைக்கிற எட்ஜும் இருக்கற கிராஃப்ல, நடுவுல எட்ஜே இல்லாத கே நோடு எடுக்க முடியுமாங்கற ப்ராப்ளம்) என்பி கம்ப்ளீட்னு நிரூபிக்க சொன்னாங்க, அதாவது என்பில (விடைய குடுத்தா சீக்கிரம் சரிபாக்க முடியற ப்ராப்ளம்ஸ்) இருக்கு, அதுல எதுக்கும் கஷ்டத்துல குறையாதுனு ரெண்டும் காட்டணும். நோடுக்கு ஒரு வேரியபிள் வெச்சு, எட்ஜ் இருந்தா ரெண்டும் சேந்து ட்ரூ ஆகக்கூடாதுனு க்ளாஸ் (clause, 'அல்லது' போட்டு சேத்த ஒரு கண்டிஷன்) எழுதி, ரெண்டரை பக்கத்துக்கு சாட்டா (SAT, எல்லா க்ளாஸும் ட்ரூ ஆகற மாதிரி வேரியபிளுக்கு ட்ரூ, ஃபால்ஸ் குடுக்க முடியுமாங்கற ப்ராப்ளம்) மாத்தி குடுத்தேன். ஓரத்துல சிவப்பு பேனால அம்புக்குறிய திருப்பி போட்டு 3 மார்க். கேக்கலாம்னு போனா மேம் லீவு. பேசின் பிரிட்ஜ்ல நிக்கிற ட்ரெயின் மாதிரி அங்கயே நிக்கிறேன்.

ராயபுரம்_அக்கா:
அந்த அம்புக்குறி தான்பா பதிலே. ரெண்டு நம்பர்ல எது பெருசுங்கறதயும் சாட்டா எழுதலாம், அதுக்காக அது கஷ்டமான ப்ராப்ளமா? உன்னோடத சாட்டா மாத்துனா அது சாட்ட விட கஷ்டமில்லனு தான் ஆகுது. கஷ்டம்னு காட்ட, ஏற்கனவே கஷ்டம்னு தெரிஞ்ச த்ரீ-சாட்ல (க்ளாஸுக்கு மூணு லிட்டரல், அதாவது வேரியபிளோ அதோட நாட்டோ, இருக்கற சாட்) இருந்து உன் ப்ராப்ளத்துக்கு வரணும். 1971ல ஸ்டீபன் குக் சாட் என்பி கம்ப்ளீட்னு அடியில இருந்து நிரூபிச்சாரு, அடுத்த வருஷம் ரிச்சர்ட் கார்ப் அத வெச்சு தான் 21 என்பி கம்ப்ளீட் ப்ராப்ளம் லிஸ்ட்டே போட்டாரு. அந்த 3 மார்க் என்பில இருக்குனு எழுதுனதுக்கா இருக்கும்.

வியாசர்பாடி_மச்சி:
ரெண்டரை பக்கமா, இன்னா பொறும நைனா உனக்கு

தண்டையார்பேட்டை_தம்பி:
கலாய்க்காதீங்க ப்ரோ. அக்கா, த்ரீ-சாட்ல இருந்து கிராஃப் எப்படி வரும்?

ராயபுரம்_அக்கா:
ஒவ்வொரு க்ளாஸுக்கும் ஒரு முக்கோணம், மூணு முனையும் அதோட மூணு லிட்டரல். எங்கயாச்சும் எக்ஸும் நாட் எக்ஸும் இருந்தா நடுவுல ஒரு எட்ஜ் போடு. க்ளாஸ் எத்தனையோ அதான் கே. (எக்ஸ் அல்லது ஒய் அல்லது இசட்), (நாட் எக்ஸ் அல்லது ஒய் அல்லது டபிள்யூ), இந்த ரெண்ட மட்டும் வரைஞ்சு பாரு.

தண்டையார்பேட்டை_தம்பி:
வரைஞ்சேன், 6 நோடு, 7 எட்ஜ், கே 2. ஆனா ஒய் ட்ரூனு வெச்சு எக்ஸும் ட்ரூ ஆனா முத முக்கோணத்துலயே ரெண்டு முனை வருதே, இடிக்காதா?

ராயபுரம்_அக்கா:
முக்கோணத்துக்கு ஒண்ணு எடுத்தா போதும், மத்தத விட்டுடு. இதோட எதிர் பாதியயும் எழுதணும், கே நோடு கிடைச்சா அந்த லிட்டரல்கள ட்ரூ ஆக்கிடலாம், எக்ஸும் நாட் எக்ஸும் சேந்து வராது, நடுவுல எட்ஜ் இருக்கே. இந்த பாதிய விட்டா தான் மறுபடி மார்க் போகும்.

தண்டையார்பேட்டை_தம்பி:
ஐயோ முக்கா பக்கம் தான்க்கா வருது