பைற்றர் மீனோடு எதைச் சேர்த்து விடலாம்? கப்பியின் வாலைக் கிழிக்கிறது

கொக்குவில் பொடியன்:
வணக்கம். மீன் வளர்ப்புக்கு நான் புதிது. 45 செ.மீ. நீளம், 25 அகலம், 30 உயரமான தொட்டியில் நீல நிற ஆண் பைற்றர் (சண்டை மீன்) ஒன்று நிற்கிறது. தனியாக நின்றால் வாடிப்போகும் என்று கடையில் சொன்னார்கள். அதனால் நாலு ஆண் கப்பி விட்டேன். இப்போது பைற்றர் நாள் முழுக்கச் செவுளை விரித்துக்கொண்டு துரத்துகிறது. இரண்டு கப்பிக்கு வால் கிழிந்துவிட்டது. கப்பிக்குப் பதிலாக நியோன் ரெற்றா அல்லது கோறிடோரஸ் விடலாமா? கிணற்றுத் தண்ணீர்தான் பாவிக்கிறேன். கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது, அதுவும் பிரச்சினையா? ஸ்பொஞ்ச் பில்ரர் போட்டு ஒரு கிழமை.

நல்லூர் அக்கா:
தம்பி, கப்பிகளை இன்றைக்கே வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். தண்ணீர் சுத்தமாக இருந்தால் கிழிந்த வால் தானாக வளரும். ஆண் பைற்றர் தன் இடத்தில் இன்னொரு ஆணைப் பொறுக்காது. கப்பியின் விரிந்த நிற வாலைக் கண்டால் அதற்கு இன்னொரு பைற்றர் வந்து நிற்கிற நினைப்பு வந்துவிடும். தாய்லாந்தில் சண்டைக்கென்றே தெரிந்தெடுத்துப் பெருக்கிய மீன் அல்லவா! கௌராமியும் வேண்டாம், அது பைற்றரின் சொந்தக்கார இனம். ரைகர் பார்ப் விட்டால் கதை மாறும், அது பைற்றரின் நீளச் செட்டையைக் கடித்துக் கந்தலாக்கும்.

தனியாக நின்றால் வாடும் என்பது சரியில்லை. பைற்றர் கூட்டமாக வாழும் மீன் இல்லை, தனியாகவே சந்தோசமாக இருக்கும்.

கோப்பாய் தொட்டிக்காரன்:
அந்த வெள்ளைப் படிவு சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணக்கல்லுக்கு மேல்தான் இருக்கிறது, அதனால் நம் கிணறுகளில் பெரும்பாலும் வன்னீர், அதாவது சுண்ணாம்பு கூடிய தண்ணீர். கேத்திலுக்குள் படிவதும் அதுவேதான். பைற்றர் அதற்குப் பழகிக்கொள்ளும். நியோன் ரெற்றா அமேசன் பக்கத்து மென்னீர் மீன். வன்னீரும் புதுத் தொட்டியும் சேர்ந்தால் அது தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

கோறிடோரஸ் எனக்கு மிகப் பிடித்த மீன். அடியிலேயே திரியும், பைற்றரின் வழிக்கு வராது. ஆனால் குறைந்தது ஆறு சேர்ந்து இருக்க வேண்டும். மீசை தேயாமல் இருக்க நைசான மணலும், ஓடித் திரிய நீளமான அடித்தளமும் வேண்டும். உங்கள் தொட்டியின் கொள்ளளவு கிட்டத்தட்ட 34 லீற்றர். மணலும் மேலே விடும் இடைவெளியும் போக 28 அளவில்தான் மிஞ்சும், ஆறு கோறிக்கு அது போதாது. தண்ணீர் கூட்டவென்று அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டாம். பைற்றர் மேலே வந்து காற்றுக் குடிக்கிற மீன். துள்ளவும் செய்யும், மூடி கட்டாயம்.

இந்தத் தொட்டிக்கு என் தெரிவு நெரைற் நத்தை, ஒன்று அல்லது இரண்டு. வன்னீர் அதன் ஓட்டுக்கு நல்லது. பாசியைத் தின்னும், முட்டை நன்னீரில் பொரிக்காததால் பெருகி வழியாது. சில பைற்றர் நத்தையின் உணர்கொம்பைக் கொத்தும், அப்படியென்றால் எடுத்துவிடுங்கள். செம்பு சேர்ந்த மீன் மருந்து நத்தையைக் கொல்லும், அதையும் நினைவில் வையுங்கள்.

சுண்ணாம்பை விட நைத்திரேற்றுத்தான் எனக்குக் கவலை. தோட்டத்து உரமும் மலசலகூடக் குழிகளும் காரணமாக இங்கே பல கிணறுகளில் அது லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி நிற்கிறது. குடிநீருக்கே உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை அது. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகிச் செறிவு இன்னும் கூடும். ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கூடவாக இருந்தால் ஆர்ஓ தண்ணீரை (உப்புகளை வடித்தெடுத்த தண்ணீர்) பாதிக்குப் பாதி கலக்கலாம். தனி ஆர்ஓ வேண்டாம், அதில் கனிமம் இல்லை. வேலம்பாசி என்ற நீர்ச்செடி போட்டால் அதுவும் நைத்திரேற்றை உறிஞ்சும், பைற்றருக்கு ஒளிய இடமும் கிடைக்கும்.

சாவகச்சேரி:
என் பைற்றர் கறுப்பு மொலிகளோடு சண்டை சச்சரவு இல்லாமல் இருக்கிறது. மொலிக்கும் வன்னீர் பிடிக்கும். குணம் மீனுக்கு மீன் வேறுதானே?

நல்லூர் அக்கா:
குணம் வேறுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மொலி வளர்ந்தால் 8 செ.மீ.க்கு மேலே போகும், குட்டியும் போட்டுத் தள்ளும். தம்பியின் 28 லீற்றருக்கு அது சுமை.

கொக்குவில் பொடியன்:
நன்றி. கப்பிகளை மாற்றிவிட்டேன், பைற்றர் இப்போது அமைதியாக நிற்கிறது. நத்தையை இந்தக் கிழமையே வாங்கலாமா? பிறகு இரண்டடித் தொட்டி எடுத்தால் கோறி விடலாமா?

கோப்பாய் தொட்டிக்காரன்:
நத்தைக்குப் பொறுங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்ரீரியா பில்ரரில் குடியேற 4 முதல் 6 கிழமை பிடிக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டிய பிறகு விடுங்கள், அதற்குள் பாசியும் பிடித்திருக்கும். அதுவரை சாப்பாட்டைக் குறைத்து, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பிழியுங்கள். கிணற்றுக்குக் குளோரீன் போட்டிருந்தால் அந்த நாட்களில் குளோரீனை நீக்கும் மருந்து சேர்க்காமல் ஊற்ற வேண்டாம், பக்ரீரியாவும் செத்துவிடும்.

60×30×30 தொட்டி என்றால் 54 லீற்றர் வரும். அதில் ஆறு வெண்கல நிறக் கோறி தாராளம், அந்த வகை வன்னீரையும் ஓரளவு தாங்கும். கோறிகளை முதலில் விட்டுப் பழக்குங்கள், பைற்றரைக் கடைசியாக விடுங்கள். அப்போது தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று அது உரிமை கொண்டாடாது.

கப்பிகளைக் கிணற்றடித் தொட்டியில் விட்டால் நுளம்புக் குடம்பியைத் தின்னும். குளத்தில் மட்டும் விடவேண்டாம், நம் ஊர் மீன்களுக்குக் கேடு.