அம்மிச்சி வீட்டுச் சொந்தம் (வாட்ஸ்அப் குழு)

சாந்தி: கவி அந்த வீடியோவப் பாத்து ஈரக்கொல நடுங்கிப்போச்சு. ஆறு மாசப் புள்ள கையில இட்லியக் குடுத்துட்டு படம் புடிக்கறயா

மூர்த்தி: எந்த வீடியோ? எனக்கு சுத்திட்டே இருக்குது

பிரகாஷ்: மாமா குட்மார்னிங் போட்டோவெல்லாம் அழிங்க

கவிதா: பெரிம்மா அது அடைச்சதில்ல, ஓங்கரிச்சான். இந்த வயசுல பெரிய துண்டு கொஞ்சம் உள்ள போனாலே தானா வெளிய தள்ளிரும், மூஞ்சி செவந்து இருமுனா பயமில்ல, சத்தமே வராம நீலம் பாரிச்சாத்தான் ஆபத்து, அப்ப குப்புற சாச்சு முதுகுல அஞ்சு தட்டு, திருப்பி நெஞ்சுல அஞ்சு அமுக்கு, அதெல்லாம் கத்துக்கிட்டுத்தான் ஆரம்பிச்சோம். நிமுந்து உக்காந்தாத்தான் குடுக்கறது. கேரட், சக்கரவள்ளிக் கிழங்கு எல்லாம் விரல் நீளத்துக்கு வெட்டி ரெண்டு விரல்ல அமுக்குனா நசுங்கற மாதிரி வேகவெச்சு முன்னால வெச்சிருவோம், அவனே எடுத்து சப்பட்டும், நாம திணிக்கறதில்ல

சாந்தி: இத எழுதற நேரத்துல ஒரு கிண்ணம் ராகிக்கூழ் ஊட்டிருக்கலாம்

வளர்மதி: விடுங்கக்கா. அவ எங்க கேக்கறா

பிரகாஷ்: பொறந்தப்ப அவ நாக்குல இனிப்பு தொட்டு சேனை வெச்சது மூர்த்தி மாமா. பிடிவாதம் எங்க போகும்

மூர்த்தி: நான் வெச்சதாலதான் அவ இஞ்சினியர். உனக்கு யாரு?

சாந்தி: நாந்தான். நல்ல கொம்புத்தேன்

மூர்த்தி: அதான் வேலைக்கே போகாம கெடக்கறான்

கவிதா: தேன் ஒரு வயசு வரைக்கும் கண்டிப்பா வேண்டாம். அதுல ஒரு கிருமியோட வித்து இருக்கலாம், நமக்கு ஒண்ணும் பண்ணாது, கொழந்த குடல்ல வளந்து நஞ்சாயிரும். உப்பு சக்கரையும் சேக்கறதில்ல. ஞாயித்துக்கெழம குருவாயூர்ல சோறூட்டறப்ப பாயசம் உதட்டுல தொட்டு வெச்சாப் போதும்

சாந்தி: சாமி பிரசாதத்துக்கே கணக்கா

செல்வி: சப்புனா வயிறு நெறையுமா கவி?

கவிதா: பால்தான் சித்தி இப்பவும் மெயின். ஆனா ஆறு மாசத்துக்கு மேல இரும்புச்சத்து பால்ல மட்டும் பத்தாது, அதான் முட்ட, பருப்பு. கூழும் உண்டு, கெட்டியாக் காச்சி ஸ்பூன்ல எடுத்து கையில குடுத்தா அவனே வாய்க்குக் கொண்டுபோறான். பாதி காதுக்குப் போகுது

செல்வி: அம்மா பக்கத்துல இருக்காங்க. "ஒக்காந்து ஊட்ட எனக்கு ஏது நேரம், காட்டுக்குப் போறப்ப கையில களி உருண்டையக் குடுத்துட்டுப் போவேன், எல்லாம் அப்படித்தான் வளந்துச்சுங்க"ன்னு சொல்லச் சொல்றாங்க

சாந்தி: எனக்கெல்லாம் அம்மா ஊட்டித்தான் விட்டாங்க

வளர்மதி: மூத்தவளுக்குத்தான எல்லாம்

சாந்தி: இப்ப எதுக்கு அந்தப் பேச்சு

செல்வி: சரி சரி. வண்டி என்னாச்சுண்ணா

மூர்த்தி: ட்ராவலர் சொல்லிட்டேன். பழனிக்குப் போனப்ப மாதிரி என்னைய கடசி சீட்ல போட்டா வரமாட்டேன்

செல்வி: லேட்டா வந்தா கடசி சீட்டுதான்

சாந்தி: வழியில திங்க கடல உருண்ட செஞ்சு எடுத்தாறேன்

கவிதா: அவன் கைக்கு எட்டாம வெச்சுக்கங்க பெரிம்மா. கடலை தொண்டையில நின்னுக்கும். சட்னியா நைசா அரைச்சா பரவால்ல

சாந்தி: எனக்குத் தெரியாதா

வளர்மதி: நாலு மணிக்கே கெளம்பணும், வெயிலுக்கு முன்னால போயிரலாம்

செல்வி: நாலுக்கு அம்மா எந்திரிக்கமாட்டாங்க. அஞ்சு

வளர்மதி: அஞ்சுன்னா ஏழாயிரும்

மூர்த்தி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி: என்னத்தண்ணா அழிச்சீங்க

பிரகாஷ்: நான் படிச்சுட்டேன்