அப்பாவை மலையிலிருந்து இறக்கிய ராத்திரி

நாகலூர் காபிக்காடு எழுதியது:

மழை பிடிப்பதற்குள் ஃப்ளூ ஊசியைப் பற்றி இதை எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏற்காடு மலைமேல் இருப்பவர்களுக்கும், கீழே சேலத்தில் வயதான பெற்றோரோடு இருப்பவர்களுக்கும் உதவும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

2022 நவம்பர். காபிப் பழம் பறிக்க ஆரம்பித்த நேரம். சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் தொண்டைக் கரகரப்போடு வீடு திரும்பினேன். எனக்கு இரண்டு நாள் உடம்பு வலி, அத்தோடு சரியாகிவிட்டது. மூன்றாம் நாள் அப்பாவுக்குக் காய்ச்சல் அடித்தது. அப்போது அவருக்கு 68 வயது, 15 வருடமாகச் சர்க்கரை.

"ஒண்ணுமில்ல கண்ணு, மழைச் சளிதான்" என்றார். அம்மா சுக்கும் மிளகும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். நான் மருந்துக்கடையில் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். அதில் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் இருந்தது. வைரஸ் காய்ச்சலுக்கு அது வேலை செய்யாது என்று எனக்கு அன்று தெரியாது. மாத்திரை போடுகிறாரே என்ற தைரியத்தில் மூன்று நாளை ஓட்டிவிட்டோம்.

நான்காம் நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். அப்பாவால் படுக்க முடியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு கையையும் முட்டியில் ஊன்றியிருந்தார். "தண்ணி" என்றார். ஒரு மூச்சு இழுத்தார். அப்புறம்தான் "குடு" என்ற வார்த்தை வந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது. டிவி ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 சதவீதம் என்று காட்டியது. குளிரில் விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகக் காட்டும் என்று அவர் கையைத் தேய்த்துச் சூடாக்கி மறுபடி வைத்தேன். 87.

பக்கத்து எஸ்டேட் ஜீப்பில் ஏற்றினோம். ஒண்டிக்கடை தாண்டியதும் பத்தடி தூரம்கூடத் தெரியாத பனிமூட்டம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் அன்று ஒவ்வொன்றாக எண்ணினேன். வண்டி திரும்பும்போதெல்லாம் அப்பா என் தோளில் சாய்வார், அவர் நெஞ்சு இழுப்பது என் சட்டை வழியாகத் தெரியும். அடிவாரம் வந்தபோது அவர் உதடு கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் கீழ்ப்பகுதி வெள்ளையாக இருந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் இன்ஃப்ளூயன்சா ஏ, அதாவது ஃப்ளூ என்று வந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சுகர் இருக்கே, ஃப்ளூ ஊசி போட்டிருக்காரா?"

"கொரோனா ஊசி ரெண்டும் போட்டாச்சுங்க சார்" என்றேன்.

அது வேறு வைரஸ், இது வேறு வைரஸ், ஒன்றுக்குப் போட்ட ஊசி இன்னொன்றைக் காக்காது என்று அவர் நிதானமாகச் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்று மாத்திரை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகப் பிடிக்கும். நாங்கள் அந்த 48 மணி நேரத்தைக் கஷாயத்திலும் தவறான மாத்திரையிலும் கழித்திருந்தோம். ஆனாலும் நிலைமை மோசமாக இருப்பவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்களாம், கொடுத்தார்கள். ஃப்ளூ புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியாவும் ஏறியிருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் ஐந்து நாள் ஆக்சிஜன். பறிக்க ஆளில்லாமல் பாதிப் பழம் செடியிலேயே காய்ந்தது. அதை விடுங்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். ஃப்ளூ வைரஸ் வருடத்துக்கு வருடம் மேல்தோலை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு வருடமும் பிப்ரவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை என்று, ஊசியில் எந்த எந்த வகை இருக்க வேண்டும் எனப் புதிதாகச் சொல்கிறது. போன வருடம் போட்டது இந்த வருடத்துக்குப் போதாது என்பதற்கு அதுதான் காரணம். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் உடம்பில் எதிர்ப்பு உருவாகும். வட இந்தியாவில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை ஏறும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் நவம்பரில் ஏறும். ஆக நமக்குச் செப்டம்பர் தாண்டக் கூடாது.

2023 செப்டம்பரில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மூன்று பேருக்கும் போட்டோம். அப்பாவுக்கு நிமோனியா ஊசியும் தனியாக. நான் ஏன் போட்டுக்கொண்டேன் என்று சிலர் கேட்டார்கள். போன தடவை வைரஸை வீட்டுக்குக் கொண்டு வந்ததே நான்தானே.

அந்த டிசம்பரில் அப்பாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்தது! சோதனையில் மறுபடி இன்ஃப்ளூயன்சாதான். "ஊசி போட்டும் வந்துருச்சே சாமி" என்று முகம் சுண்டிப்போனார். ஆனால் இந்தத் தடவை முதல் நாளே ஏற்காட்டில் டாக்டரிடம் காட்டினோம், அன்றைக்கே ஓசெல்டாமிவிர் ஆரம்பித்தோம். ஆக்சிமீட்டர் 95-க்குக் கீழே இறங்கவே இல்லை. கஞ்சியும் நார்த்தங்காய் ஊறுகாயுமாக நான்கு நாள். ஐந்தாம் நாள் காலையில் அவரைக் கட்டிலில் காணோம். களத்தில் நின்று பலகையால் காபிக் கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

ஊசியின் சேர்க்கை அந்த வருட வைரஸோடு ஒத்துப்போனால், ஃப்ளூ வரும் வாய்ப்பு 40 முதல் 60 சதவீதம் வரை குறையும். அதாவது போட்டவர்களுக்கும் வரலாம். வந்தாலும் ஆக்சிஜன் வரை போவது குறைகிறது. மாத்திரையும் சீக்கிரம் கொடுத்தோம், அதற்கும் பங்கு உண்டு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி 40 கிலோமீட்டர் கீழே இருக்கும் எங்களுக்கு, அந்த ராத்திரிப் பயணம் இல்லாமல் போனதே பெரிது.

உங்கள் வீட்டில் நடந்ததையும் எழுதுங்கள்.

சிவதாபுரம் கொலுசுப்பட்டறை எழுதியது:

அண்ணா, படித்து முடிக்கும்போது கண் கலங்கிவிட்டது. எங்கள் கதை வேறு மாதிரி.

2021 மே மாதம் என் மச்சானுக்குக் கொரோனா. பட்டறையில் ஆறு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து கொலுசு பத்தவைப்போம், காற்றில் கங்கு பறக்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திவிடுவோம். ஒருத்தருக்கு வந்தால் எல்லோருக்கும்தான். சேலத்தில் படுக்கை கிடைக்காமல் அலைந்த நாட்கள் அவை. இரும்பாலை வளாகத்தில் ஆக்சிஜனோடு 500 படுக்கை போட்ட பிறகுதான் அவருக்கு இடம் கிடைத்தது. பிழைத்து வந்தார். மாடிப்படி ஏறினால் இன்னும் இளைக்கிறது.

அப்புறம் ஊசி முகாமுக்குப் போனபோது எனக்கு லேசாக இருமல் இருந்தது, சொல்லாமல் போட்டுக்கொண்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் கொளுத்தியது. "ஊசியாலதான் வந்துச்சு" என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டேன், என் பேச்சைக் கேட்டு இரண்டு பேர் போடாமல் இருந்தார்கள். வைரஸ் முன்னாலேயே உடம்பில் இருந்திருக்கிறது, ஊசி வேலை செய்ய நாளாகும் என்று பிறகுதான் புரிந்தது. அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் நானே போய்த் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி முகாமுக்குக் கூட்டிப்போனேன்.

இப்போது ஜன்னலில் வெளியே இழுக்கும் ஃபேன் மாட்டியிருக்கிறோம். இருமல் இருப்பவன் வேலைக்கு வரக் கூடாது, அன்றைய கூலியில் பாதி கொடுத்துவிடுவோம்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதியது:

ஏற்காடு மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராகப் பல வருடம் நடந்திருக்கிறேன். இருவரும் பெரியவர்களைப் பற்றி எழுதிவிட்டீர்கள், நான் குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போகும் எங்களைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே நான்கு ஐஸ் பேக். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் அப்படியே பெட்டியில் வைக்கக் கூடாது. வெளியே வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சளக் சளக்கென்று கேட்கும், அப்போதுதான் வைக்கலாம். இல்லையென்றால் ஊசி மருந்து உறைந்துவிடும், உறைந்தால் சக்தி போய்விடும். 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவிலேயே அதை வைத்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் ஒருநாளும் மலை ஏறியதில்லை.

2021-இல் நிமோனியாவைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசி நம் அரசு அட்டவணையில் வந்தது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், அப்புறம் ஒன்பதாவது மாதம், மூன்றும் இலவசம். "ஒரே நாள்ல இத்தனை ஊசியா, பச்சப் புள்ளைங்கம்மா" என்று தாய்மார்கள் குழந்தையை மறைத்துக்கொள்வார்கள். அவர்கள் பயத்தில் தப்பில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்து, போன வருடம் அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கு மூச்சு இழுத்தது என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பேன். அதற்குப் பிறகு குழந்தையை அவர்களே மடியில் போட்டுக் கொடுப்பார்கள்.

அம்மாக்களுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள். சளி பிடித்த குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுசாக மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் உடனே ஆஸ்பத்திரி. விலாவுக்குக் கீழே குழிந்து உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

பிள்ளை பார்க்க வருகிறவர்களில் இருமல், மூக்கொழுகல் இருப்பவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஆர்எஸ்வி என்று ஒரு வைரஸ் இருக்கிறது. திடமான பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் சளி, ஆனால் குறைமாதக் குழந்தையை அது வென்டிலேட்டர் வரை கொண்டுபோகும்.

அஸ்தம்பட்டி எழுதியது:

நர்ஸம்மா, எனக்கு ஐந்தாம் மாதம். ஃப்ளூ ஊசி போடலாமா? வீட்டில் வேண்டாம் என்கிறார்கள்.

ஓய்வுபெற்ற நர்ஸம்மா எழுதியது:

போடலாம் கண்ணு. அது செயலிழந்த வைரஸால் செய்த ஊசி, அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், ஒருநாள் லேசாகக் காய்ச்சல் இருக்கலாம். கர்ப்பக் காலத்தில் எந்த மாதத்திலும் போடுகிறார்கள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. உன் உடம்பில் உருவாகும் எதிர்ப்புதான் அதுவரை அதற்குப் பாதுகாப்பு. மூக்கில் உறிஞ்சும் ஃப்ளூ தடுப்பு மருந்து மட்டும் வேண்டாம், அது உயிருள்ள வைரஸ். அடுத்த செக்கப்புக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் வாயாலேயே கேட்க வை.

நாகலூர் காபிக்காடு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூச்சு எண்ணும் கணக்கை எழுதி எங்கள் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் அப்பாவே காலண்டரில் தேதியைச் சுழித்து வைத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜீப் கிளம்புகிறது. எங்கள் வீட்டில் மூன்று பேர், பக்கத்தில் சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் நான்கு பேர். இரண்டு இடம் காலியாக இருக்கிறது. வாழவந்தி, மஞ்சக்குட்டை பக்கம் யாராவது வருவதானால் வியாழனுக்குள் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்கிறேன்.