கோதுமையை நிறுத்திவிட்டேன், இனிச் சீலியாக் பரிசோதனை செய்யலாமா?

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி:

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் வசிக்கும் என் அக்காவுக்கு, கோதுமை போன்றவற்றால் சிறுகுடல் பழுதாகும் சீலியாக் நோய் இருப்பது கடந்த ஆண்டு உறுதியானது. பல ஆண்டுகளாக இரும்புச்சத்துக் குளிசை விழுங்கியும் தீராத இரத்தச்சோகைக்குக் காரணம் தேடிப் போன இடத்தில்தான் அது பிடிபட்டது. வயிற்றோட்டம் என்று அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. கூடப்பிறந்தவர்களும் பரிசோதித்துக்கொள்வது நல்லது என்று அங்குள்ள வைத்தியர் சொல்லிவிட்டாராம். எனக்கும் பாணோ பராட்டாவோ சாப்பிட்டால் வயிறு ஊதி, மாலைவரை அமுக்கிக்கொண்டே இருக்கும். ஆகவே மூன்று மாதமாகக் கோதுமை மாவைத் தொடுவதில்லை, வயிறு இலேசாகிவிட்டது. இதிலேயே விடை தெரிந்துவிட்டது என்று கொள்ளலாமா, அல்லது இரத்தப் பரிசோதனை இன்னும் அவசியமா?

அத்துடன், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு அக்கா வருகிறார். சோறு தின்னும் வீட்டில் என்ன பயம் என்கிறார் அம்மா. எனக்குத்தான் மனம் ஆறவில்லை.

பழைய ஆய்வுகூடத்தான், கல்முனை:

சகோதரி, ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் உங்கள் முதற் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். பரிசோதித்துவிட்டு நிறுத்தியிருக்க வேண்டியதை, நிறுத்திவிட்டுப் பரிசோதிக்கக் கேட்கிறீர்கள். இதைப் பலரும் செய்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள புரதத்தையே குளூட்டன் என்கிறோம். சீலியாக் உள்ளவரின் உடலில் அது போய்ச் சேர்ந்தால், அவருடைய நிர்ப்பீடனத் தொகுதியே சிறுகுடலின் சடைமுளைகளைத் தாக்கித் தட்டையாக்கிவிடுகிறது. உணவிலுள்ள இரும்பும் கல்சியமும் உறிஞ்சப்படாமல் போவதால்தான் உங்கள் அக்காவைப் போலச் சிலருக்கு வயிற்றுக் கோளாறே தெரியாமல் இரத்தச்சோகையோ எலும்புத் தேய்வோ மட்டும் வெளியே தெரிகிறது. இரத்தத்தில் நாம் தேடுவது அந்தத் தாக்குதலின்போது உருவாகும் பிறபொருளெதிரியை, அதாவது திசு டிரான்ஸ்குளூட்டமினேசு என்ற நம் உடலின் சொந்த நொதியத்துக்கு எதிரான ஐ.ஜி.ஏ வகையை. குளூட்டனை நிறுத்தினால் அது படிப்படியாகக் குறையும், குடலும் ஆறும். அதன் பிறகு எடுக்கும் இரத்தமும், உள்நோக்கிக் குழாய் விட்டு எடுக்கும் குடல் இழையமும், நோய் இருந்தாலும் இல்லை என்றே சொல்லக்கூடும். ஆகவேதான், சோதனைக்கு முன் குறைந்தது 6 வாரமாவது தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவை உண்ண வேண்டும் என்று பிரித்தானிய வழிகாட்டல் கூறுகிறது. வைத்தியரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். மொத்த ஐ.ஜி.ஏ அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலரிடம் அது பிறப்பிலேயே குறைவாக இருப்பதால் முதற் சோதனை பொய்யாகிவிடும்.

மீண்டும் கோதுமை உண்ணவே முடியாத அளவுக்குத் துன்பப்படுபவருக்கு மரபணுச் சோதனை ஒன்று உண்டு. டி.கியூ.2, டி.கியூ.8 ஆகிய மரபணு வகைகள் இரண்டும் இல்லையென்றால் சீலியாக் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். இருந்தால் எதுவும் உறுதியாகாது, நோயற்ற பலரிடமும் அவை இருக்கின்றன.

நெதர்லாந்தில் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது தேறிய சீலியாக் குழந்தைகள், பாண் திரும்ப வந்ததும் மறுபடி நலிந்ததைக் கண்டவர் வில்லெம் டிக்கே என்ற குழந்தை வைத்தியர். அதற்கு முன்பே கோதுமைமீது அவருக்குச் சந்தேகம் இருந்தது. நீங்கள் செய்ததும் அதுதான், ஆனால் திரும்ப உண்டு பார்க்கும் பாதியை விட்டுவிட்டீர்கள்.

குரக்கன் உம்மா, அக்கரைப்பற்று:

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. அத்தகைய பிள்ளைகளுக்குச் சீலியாக்கும் சேர்ந்து வருவதுண்டு என்பதால் பரிசோதித்தபோது தெரியவந்தது. சோறு தின்னும் வீடு என்று நானும் ஆறுதலாகத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டுப் பிட்டில் பாதி அவித்த கோதுமை மா. தோசைக்கு உழுந்தோடு கோதுமை மா. கடை இடியப்பமும் அப்பமும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். உடம்புச் சூட்டுக்குக் காய்ச்சும் பார்லித் தண்ணீரும் ஆகாது. சோயா சோஸிலும், கூட்டுப் பெருங்காயத்திலும், மோல்ட் கலந்த பானங்களிலும் குளூட்டன் ஒளிந்திருக்கிறது.

எல்லாவற்றிலும் மோசமானது அரைக்கிற மில். ஒருநாள் குரக்கனோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் சத்துமாவுக்கு வறுத்த கோதுமையை இயந்திரத்தில் கொட்டினார். அது முடிந்த கையோடு, வாய்க்குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்த தூளின்மேலேயே என் குரக்கன் விழுந்தது. குளூட்டன் அற்றது என்று விற்கும் உணவில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவு. என் பையில் எவ்வளவு விழுந்ததோ, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து வீட்டிலேயே இடிக்கிறேன். கோதுமை மா அரித்த அரிதட்டை எவ்வளவு கழுவினாலும் நம்ப முடியாது, உங்கள் அக்காவுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். சடங்குப் பொங்கலும், மீன் குழம்பும், மட்டக்களப்புத் தயிரும் தாராளமாகக் கொடுக்கலாம்.

ஊறணிப் பேரன், மட்டக்களப்பு:

பெரியவர் சொன்னதோடு ஒரு விடயத்தைச் சேர்க்கிறேன். எனக்கும் இதே வயிறு ஊதல்தான். இரத்தச் சோதனையும் குடல் இழையமும் சீலியாக் இல்லை என்றன. உண்டவுடன் தடிப்பும் வீக்கமும் வரும் கோதுமை ஒவ்வாமையும் இல்லை. இவ்விரண்டும் இல்லாமலே கோதுமையால் அவதிப்படுவோருக்குச் சீலியாக் அல்லாத குளூட்டன் உணர்திறன் என்று பெயர் சொல்கிறார்கள். அதை உறுதிசெய்ய இரத்தச் சோதனை எதுவும் கிடையாது, மற்றவற்றை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர வேண்டும். குற்றவாளி எப்போதும் குளூட்டன்தானா என்பதிலும் ஐயம் உண்டு. கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாச்சத்து இருக்கிறது. அது வெங்காயத்திலும் உள்ளியிலும் இருக்கிறது. என் விடயத்தில், கொத்துரொட்டியைக் குறைசொல்லிக்கொண்டிருந்த நான், அதிலிருந்த வெங்காயத்தைக் கவனிக்கவேயில்லை. எனக்கு ஒரு துண்டுப் பாண் இப்போது ஒன்றும் செய்வதில்லை. சீலியாக் உள்ளவருக்கோ அந்த ஒரு துண்டும் ஆயுள் முழுவதும் ஆகாது. எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்துவிடாதீர்கள்.

வாவிக்கரை, களுவாஞ்சிகுடி:

மூவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை வைத்தியரைப் பார்க்கிறேன். அவர் சம்மதித்தால் அன்றிரவே ரொட்டி. இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்பக்கச் சிற்றெழுத்தை எழுத்துக்கூட்டி வாசித்தார். கோதுமை மா என்றுதான் போட்டிருக்கிறது.