மறு: ‘மோரே’வுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்கிழமைக்குள் தேவை

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

டிஎஸ்எல்ஆர் படக்கருவியில் காணொளி எடுக்கக் கற்கும் மாணவர்களுக்கான கையேடு வெள்ளியன்று அச்சுக்குப் போகிறது. மெல்லிய கோடு போட்ட சட்டையிலும் ஓட்டுக் கூரையிலும் கொசுவலையிலும் காணொளியில் நெளிகின்ற பொய்யான கோலத்துக்கு, அதாவது ‘மோரே’வுக்கு, மட்டும் தமிழ்ச்சொல் கிடைக்கவில்லை. 2008இல் வந்த கேனன் 5டி மார்க் 2 நிழற்படத்தை 5616 படப்புள்ளி அகலத்தில் எடுக்கும்; காணொளிக்கு வேண்டியதோ 1920தான். ஒளியைப் பதியும் சில்லான உணரி முழுவதையும் நொடிக்கு 30 முறை படித்து முடிக்க இயலாததால், கருவி இடையிடையே வரிசைகளை விட்டுவிட்டுப் படிக்கிறது. அந்த இடைவெளியை விட நுண்ணிய கோடுகள், பருத்த வளைகோடுகளாகவும் துணியில் இல்லாத நிறங்களாகவும் பதிவாகின்றன. வில்லை கூர்மையாக இருந்தால் தொல்லை கூடுகிறது. ஒரு மாணவர் விடைத்தாளில் ‘மோரே’ என்று எழுத, திருத்தியவர் பக்கத்தில் ‘தாளித்ததா?’ என்று குறித்திருக்கிறார்.

– கையேட்டு ஆசிரியர்

ஐயா,

அந்தப் பிரெஞ்சுச் சொல் அலையலையாக மினுங்கும் ஒருவகைப் பட்டின் பெயர் என்பதால், நாமும் துணியை விட்டு விலக வேண்டாம். ‘நோக்கு நுழைகல்லா நுண்மைய’ (பார்வையும் நுழைய முடியாத நுண்மை உடையது) என்று பொருநராற்றுப்படை புகழ்ந்த அறுவையை, அதாவது ஆடையை, அணிந்து இன்று ஒருவர் படக்கருவியின் முன் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மெய்யும் மெய்யும் கூடி நிற்பதை மெய்ம்மயக்கம் என்கிறோம். துணியின் இழையும் உணரியின் வரிசையும் கூடி மூன்றாவதொன்று தோன்றுவதை ‘இழைமயக்கம்’ எனலாம். இழை என்பது நூலுக்கும் அணிகலனுக்கும் பொதுவானது. ஆயிழை, சேயிழை ஆகியவற்றைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். மயக்கம் என்று படித்த மாணவன் தண்ணீர் தெளிக்க ஓடுவான். படப்பிடிப்பில் நாங்கள் இதற்குப் பெயரே சொல்வதில்லை, ‘சட்டையை மாத்துங்க’ என்போம். மாற்றுச் சட்டை இல்லையென்றால் நிற்கும் தொலைவையோ வில்லையின் குவியத்தொலைவையோ மாற்றுவோம். பின்னால் செங்கல் சுவர் இருந்தால் வில்லையின் ஒளித்துளையை அகலத் திறந்து சுவரை மங்கவைப்போம். கருவிக்குள் இருக்கும் கூர்மை அளவை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டுத் தொகுக்கும்போது கூட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் பதிவாகிவிட்ட நெளிவைத் தொகுப்பில் போக்குவது பெரும்பாலும் நடவாத காரியம். ‘பொய்க்கோலம்’ என்றே எழுதுங்கள், எல்லாருக்கும் புரியும்.

– ஒளிப்பதிவாளர்

பொய்க்கோலம் என்றால் மாறுவேடம் என்றல்லவா பொருள்படும்? கூரை ஓட்டுக்கு இழை ஏது என்ற கேள்வியும் நிற்கிறது. ‘வரி’ என்றால் புலியின் வரியும் அடங்கும், உணரியின் வரிசையும் அடங்கும்; ஆகவே ‘வரிமயக்கம்’ என்று முன்மொழிகிறேன். வருமொழி மெல்லினம் என்பதால் ஒற்று மிகுமா என்ற வழக்கமான சண்டைக்கும் இடமில்லை.

– மொழிபெயர்ப்பாளர்

வரிமயக்கம் என்றால் ஜிஎஸ்டி கணக்கு நினைவுக்கு வருகிறதே, அம்மா!

– ஒளிப்பதிவாளர்

அன்பர்களே,

அச்சகத்தார் காத்திருக்கிறார்கள். மறுமொழி எழுதியவர்களில் பெரும்பாலோர் சலிப்போடேனும் ஒப்பியதால் ‘வரிமயக்கம்’ என்று இட்டு, முதல் இடத்தில் மட்டும் ‘மோரே’வையும் அருகில் சேர்த்துவிட்டேன். 2012இல் வந்த மார்க் 3இல் இத்தொல்லை வெகுவாகக் குறைந்தது என்ற குறிப்பும் உண்டு.

– கையேட்டு ஆசிரியர்

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தாலே இந்தக் கோலம் வெறுங்கண்ணுக்குத் தெரியும். அங்கே உணரியும் இல்லை, விடுபட்ட வரிசையும் இல்லை. வரிசைகளை விட்டுப் படிப்பதால் நுண்விவரம் வேறொன்றாக மாறிப் பதிவாகும் கோளாறு, அதாவது ‘ஏலியாசிங்’, கோலமே தோன்றாத இடத்திலும் சாய்ந்த விளிம்பைப் படிக்கட்டாக்கிக் காட்டும். ‘மயக்கம்’ என்ற சொல்லை விளைவான கோலத்துக்கே செலவழித்துவிட்டீர்கள். அடுத்த பதிப்பில் காரணத்துக்கு எந்தச் சொல்லை வைப்பீர்கள்?

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர்