புதுப்பிப்பு: கொச்சிக்குப் போகும் பித் கண்டெய்னர் கட்-ஆஃப் தவறுவது ஏன்

கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் பக்கத்து மில்களிலிருந்து போகும் தென்னைநார்ப் பித் (நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) கட்டிகள், கொச்சித் துறைமுகத்தின் வல்லார்பாடம் முனையத்தில் கட்-ஆஃபுக்குள் (கண்டெய்னரை ஏற்கும் கடைசி நேரம்) போய்ச் சேராமல் கப்பலைத் தவறவிடுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். லாரித் தட்டுப்பாடுதான் காரணம் என்று சிலர் பதில் போட்டிருந்தார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் எடை.

5 கிலோ கட்டி 4,800 ஏற்றினால் 24 டன். மழைக்காலத்தில் களத்தில் சரியாகக் காயாத பித்தில் கட்டிக்கு 100 கிராம் கூடினாலே 480 கிலோ ஏறிவிடும். எடை போடாமல் பேக்கிங் லிஸ்ட் கணக்கை வைத்து விஜிஎம் (கண்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை) கொடுத்தால் அங்கேதான் இடிக்கும். 2016 ஜூலை முதல், சரிபார்த்த மொத்த எடை இல்லாத கண்டெய்னரைக் கப்பலில் ஏற்றுவதில்லை. சரக்கு, பேலட், சரக்கு அசையாமல் கட்டப் பயன்படும் பொருள், கதவில் எழுதியிருக்கும் காலி எடை எல்லாம் அதில் சேர வேண்டும். கட்டி அடிக்கும் நாளிலேயே ஒவ்வொரு பேலட்டையும் எடை போட்டுக் குறித்துவிடுங்கள், தயவுசெய்து.

காலி கண்டெய்னரைக் கொச்சி யார்டிலேயே சோதிக்கச் சொல்லுங்கள். கதவைச் சாத்தி உள்ளே நின்றால், ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் தெரியும். மில் வரை வந்தபின் கண்டுபிடித்தால் ஒரு நாள் போயிற்று.

நடுவழியில் வண்டி மாறினால் இ-வே பில்லின் (சரக்கோடு போகும் ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) வண்டி விவரம் பதியும் பார்ட்-பியில் புது நம்பர் ஏற்றிய பிறகே நகரட்டும். சீல் நம்பரை டிரைவர் போட்டோ எடுத்து அனுப்பினால், ஏஜென்ட் ஆவணத்தில் ஓர் இலக்கம்கூடத் தப்பாது.