நெருக்கடிச் சட்டத்துக்குக் காலாவதித் தேதி போட்டால் போதுமா?

செங்கோடு:
மக்களாட்சி நாடுகளில் உரிமையைப் பறிக்க அதிகம் கைகொடுத்த சொல் 'தற்காலிகம்'. ஜெர்மனியில் 1933 பிப்ரவரி 28 அன்று, அன்றைய வைமார் அரசியலமைப்பில் நெருக்கடி அதிகாரம் தரும் 48-ஆவது பிரிவைக் காட்டி ஓர் ஆணை வந்தது. பேச்சு, கூட்டம், சங்கம், கடித ரகசியம், வீட்டுச் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு உட்பட ஏழு பிரிவுகள் 'மறு அறிவிப்பு வரும்வரை' நிறுத்தப்பட்டன. 1945-இல் நாஜி ஆட்சியே விழும்வரை அந்த மறு அறிவிப்பு வரவில்லை. பிரிட்டனில் 1974 நவம்பரில் நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக விதிகள்' என்று அடைப்புக்குறி இருந்தது. புதுப்பித்துப் புதுப்பித்துக் கால் நூற்றாண்டு ஓட்டினார்கள். பிறகு 2000-இல் நிரந்தரச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். தேதி போட்டால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

காவற்கோபுரம்:
நீங்கள் காட்டிய முதல் உதாரணத்தில் தேதியே கிடையாது. அது என் கட்சிக்குத்தான் சாட்சி. இரண்டாவதில் ஐரிஷ் ஆயுதக் குழுக்களின் குண்டுவெடிப்புகள் நிற்காததால் சட்டமும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்தில் பேசி, வாக்கெடுத்துத்தானே நீட்டித்தார்கள்? வீடு பற்றி எரியும்போது தண்ணீர் லாரிக்கு டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியாது. குண்டு வெடித்த இரவில் காவல்துறைக்குக் கூடுதல் அதிகாரம் வேண்டும். தேதி முடிந்ததும் அது திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

செங்கோடு:
'பேசி, வாக்கெடுத்து' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பிரிட்டனின் 2020 கொரோனா சட்டத்துக்கு இரண்டு ஆண்டு ஆயுள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மக்களவையில் மறுஆய்வு. காகிதத்தில் அழகுதான். ஆனால் உறுப்பினர் முன் இருந்த கேள்வி, மொத்தத்தையும் வைப்பதா, மொத்தத்தையும் கைவிடுவதா என்பது. அதே சட்டத்தில் நிவாரண ஏற்பாடுகளும் இருந்தன, ஆட்களைப் பிடித்துவைக்கும் அதிகாரமும் இருந்தது. நிவாரணத்தை நிறுத்த யார் கை தூக்குவார்? பிடித்துவைக்கும் அதிகாரமும் கூடவே நீண்டது.

அமெரிக்காவின் கதை இன்னும் மோசம். 1976-இன் தேசிய நெருக்கடிச் சட்டத்தில், குடியரசுத் தலைவர் அறிவிக்கும் நெருக்கடியை இரு அவைகளும் தீர்மானம் போட்டு முடிக்கலாம், அவர் கையெழுத்தே வேண்டாம் என்றுதான் இருந்தது. 1983-இல் சட்டா வழக்கில், அப்படிப்பட்ட தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதன்பின் சட்டத்தைத் திருத்தியதில், முடிக்கும் தீர்மானமும் அவர் மேசைக்கே போகிறது. அவர் மறுத்தால் இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். யாரை அடைக்கப் பூட்டு வாங்கினார்களோ, அவர் இடுப்பிலேயே சாவி. 1979 நவம்பரில் ஈரான் தொடர்பாக அறிவித்த நெருக்கடி ஆண்டுதோறும் ஓர் அறிவிப்பில் நீண்டு, நாற்பது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது.

அடிக்குறிப்பு:
இருவரும் தேதியைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். தேதி வரும்போது சும்மா இருந்தால் என்ன நடக்கிறது, நீட்டிக்க எத்தனை வாக்கு வேண்டும் என்பதுதான் விஷயம். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பில் 37-ஆவது பிரிவைப் படியுங்கள். அறிவிப்புக்கு ஆயுள் 21 நாள். யாரும் எதுவும் செய்யாவிட்டால் தானாகச் செத்துவிடும். முதல் நீட்டிப்புக்குத் தேசிய அவையின் பெரும்பான்மை போதும். அடுத்தடுத்த நீட்டிப்புகளுக்கு 60 சதவீதம் வேண்டும். ஒரு நீட்டிப்பு மூன்று மாதத்தைத் தாண்டக் கூடாது. பழகப் பழக நீட்டிப்பது கடினமாகும்படி கட்டியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் பழகப் பழக எளிதாகிவிடுகிறது, அதுதான் நோய்.

கைதானவர் விஷயத்தில் இன்னும் நுணுக்கம். அவர் பெயரும் வைத்திருக்கும் இடமும் ஐந்து நாளுக்குள் அரசிதழில் வர வேண்டும். பத்து நாளுக்குள் நீதிமன்றம் காவலை மறுஆய்வு செய்ய வேண்டும். விருப்பப்பட்ட வழக்கறிஞரும் மருத்துவரும் பார்க்கலாம். அரசிதழில் ஒரு வரி பெயர் வருவது சின்ன விஷயமாகத் தெரியும். ஆள் காணாமல் போவதைத் தடுப்பது பெரும்பாலும் அந்த வரிதான்.

காவற்கோபுரம்:
60 சதவீதம் என்றால் 41 சதவீதம் வைத்திருப்பவன் ஆபத்து நேரத்தில் பேரம் பேசுவான். அதை விடுங்கள், பெரிய ஓட்டை வேறு இடத்தில். விதியை இறுக்க இறுக்க, அரசு வேறு வழி தேடும். பிரான்சில் 1955 சட்டப்படி அரசு தானாக 12 நாளுக்குத்தான் நெருக்கடி அறிவிக்க முடியும். அதற்கு மேல் நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 2015 நவம்பர் பாரிஸ் தாக்குதலுக்குப் பின் ஆறு முறை நீட்டித்தார்கள். 2017 நவம்பர் 1 அன்று நெருக்கடி முடிந்தது, நல்லது. அதற்கு இரண்டு நாள் முன்பு, அக்டோபர் 30 தேதியிட்ட ஒரு சட்டம் நடமாட்டக் கட்டுப்பாடு, வீட்டுச் சோதனை போன்றவற்றைத் திருத்திச் சாதாரணச் சட்டத்துக்குள் வைத்தது. தேதி வேலை செய்தது, அதிகாரம் இடம் மாறியது. உங்கள் இறுக்கமான விதியின் பலன் இதுதான்.

செங்கோடு:
இது நல்ல அடி, ஏற்கிறேன். ஆனால் இடையில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். சோதனையின்போது கணினித் தரவை நகலெடுக்கும் அதிகாரத்தை 2016 பிப்ரவரி 19 அன்று அரசியலமைப்பு மன்றம் அடித்துவிட்டது. நீதிபதி அனுமதி இல்லை, சம்பந்தமில்லாதவர் தரவும் அள்ளப்படுகிறது என்பது காரணம். ஜூலையில் அந்த அதிகாரம் திரும்ப வந்தபோது நீதிபதி அனுமதியோடுதான் வந்தது. நெருக்கடி நடக்கும்போதே நீதிமன்றம் திறந்திருந்ததால் கிடைத்தது அது. இந்தியாவில் 1976 ஏப்ரலில், ஜபல்பூர் வழக்கில், ஆட்கொணர்வு மனுவே போட முடியாது என்று ஐவரில் நால்வர் தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். கதவை மூடியபின் தேதி எதற்கு?

அடிக்குறிப்பு:
தரவு என்றதால் ஒன்று. சட்டம் செத்தாலும் சேகரித்தது சாகாது. சிங்கப்பூரில் தொற்றுத் தொடர்பு கண்டறியும் செயலியின் தரவு அதற்கு மட்டுமே என்றார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி காவல்துறையும் கேட்கலாம் என்று 2021 ஜனவரியில் வெளிவந்தது. பிறகுதான் ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று தனிச் சட்டம் போட்டார்கள். சேகரிக்கும் ஆணையிலேயே அழிக்கும் நாளும், அழித்ததைச் சரிபார்க்கும் வெளியாளும் இல்லையென்றால், வேறு எந்தச் சட்டமும் அந்தக் கிடங்குக்குள் கையை விடும்.

காவற்கோபுரம்:
அழிக்கும் நாளில் எனக்குச் சண்டையில்லை. இந்தியாவைச் சொன்னீர்களே, அங்கேயே என் வாதம் நிற்கிறது. 1978-இன் 44-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நெருக்கடி அறிவிக்க 'உள்நாட்டுக் குழப்பம்' என்ற காரணத்தை 'ஆயுதக் கிளர்ச்சி' ஆக்கியது. ஒரு மாதத்துக்குள் சிறப்புப் பெரும்பான்மையோடு இரு அவை ஒப்புதல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி ஒப்புதல், குற்றத் தண்டனையில் பாதுகாப்பும் உயிர், தனிமனிதச் சுதந்திரமும் தரும் 20, 21-ஆவது பிரிவுகளைத் தொடவே முடியாது. அதன்பின் அங்கே அரசியலமைப்பின் 352-ஆவது பிரிவின் கீழ் நெருக்கடி அறிவிக்கப்படவே இல்லை. பூட்டு அருமை. ஆனால் 1980-இலேயே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. வழக்கு இல்லாமல் 12 மாதம் வரை காவல். காவலை ஆராயும் ஆலோசனைக் குழுவுக்கு மூன்று வாரத்தில் கோப்பு போகும், அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாடும் உரிமை கிடையாது. இதற்கு நெருக்கடி அறிவிப்பும் வேண்டாம், 60 சதவீதமும் வேண்டாம், காலாவதியும் இல்லை.

செங்கோடு:
அப்படியானால் நான் தலைப்பில் 'நெருக்கடிச் சட்டம்' என்று போட்டதே தப்பு. தென்னாப்பிரிக்கப் பத்து நாள் விதியை இந்தச் சாதாரணக் காவல் சட்டங்களுக்குள் கொண்டுபோய் வைக்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்க வேண்டும். தலைப்பை மாற்றட்டுமா, புது இழை தொடங்கட்டுமா?

அடிக்குறிப்பு:
புது இழை. வழக்கறிஞர் தடையிலிருந்து தொடங்குங்கள்.